வளர்ந்த பிள்ளைகளோடு குளிர்காலப் பிரிட்டன்: எந்த வரிசையில் திட்டமிடுவது?

குளிர்காலப் பிரிட்டன் பயணத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு தொடங்குகின்றன. கோடையில் அது சரிப்படும்; டிசம்பரில் சரிப்படாது. டிசம்பர் 21 அன்று லண்டனில் சூரியன் காலை 8 மணிக்கு மேல் உதித்து மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. எடின்பரோவில் ஏறக்குறைய 8.40க்கு விடிந்து 3.40க்கு இருட்டிவிடும். இதோடு ரயிலே ஓடாத நாள்களும், எல்லாக் கதவும் அடைத்திருக்கும் நாள்களும் சேர்கின்றன.

எனவே நாள், பிள்ளைகளின் வயது, நுழைவு அனுமதி, ஊர், தங்குமிடம், ரயில், நுழைவுச்சீட்டு என்ற வரிசையில் திட்டமிடுங்கள். இடங்களின் பட்டியல் கடைசியில் வந்தால் போதும். இந்த வழிகாட்டி 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளோடு லண்டன், யார்க், எடின்பரோ பாதையில் போகும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட எளிதான குளிர்காலப் பாதை இல்லை.

## 1. நாள்காட்டியில் அடைப்பு நாள்களைக் குறியுங்கள்

விமானச்சீட்டைத் தேடும் முன் ஒரு தாளில் டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை எழுதுங்கள். இந்த நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

டிசம்பர் 24: காலையில் எல்லாம் வழக்கம்போல நடக்கும். மாலையில் ரயில்கள் சீக்கிரமே நின்றுவிடும், கடைகளும் முன்கூட்டியே மூடும். பல அருங்காட்சியகங்களுக்கு அன்று முதலே விடுமுறை.

டிசம்பர் 25: லண்டனில் சுரங்க ரயிலும் இல்லை, நகரப் பேருந்தும் இல்லை. நாடு முழுவதும் ரயில் சேவை நின்றிருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

டிசம்பர் 26, பாக்ஸிங் டே என்னும் விடுமுறை நாள்: லண்டனுக்குள் சுரங்க ரயிலும் பேருந்தும் குறைந்த அளவில் ஓடும். நீண்ட தூர ரயில்கள் அநேகமாக இருக்காது. பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், டவர் ஆஃப் லண்டன் மூன்றும் 24, 25, 26 தேதிகளில் மூடியிருக்கும்.

ஜனவரி 1 எங்கும் விடுமுறை. ஸ்காட்லாந்தில் ஜனவரி 2ஆம் தேதியும் விடுமுறை என்பது பலருக்குத் தெரியாது. இவற்றுள் ஏதாவது சனி, ஞாயிறில் வந்தால் அடுத்து வரும் வேலை நாளும் விடுமுறையாகும்.

தமிழ்நாட்டில் அரையாண்டு விடுமுறை சரியாக இந்த அடைப்பு நாள்களின் மேல்தான் வந்து விழுகிறது. டிசம்பர் 24 காலைக்குள் லண்டனில் இறங்குங்கள், இல்லாவிட்டால் 27ஆம் தேதிக்குத் தள்ளிப்போடுங்கள். 25ஆம் தேதி ஹீத்ரோவில் இறங்குகிறவர்களுக்கு நகருக்குள் போக ரயில் கிடையாது. முன்பதிவு செய்த கார் அல்லது ஒன்றிரண்டு நீண்ட தூரப் பேருந்துகள்தான் வழி. நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் அன்றைய கார் கட்டணம் பயணச் செலவை ஏற்றிவிடும்.

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுவதால் அங்குள்ளவர்களுக்கு டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள் கைகூடும். விளக்குகளும் சந்தைகளும் இருக்கும், அடைப்பு நாள்கள் இருக்காது. பிரிட்டனுக்குள்ளேயே வசிப்பவர்கள் பிப்ரவரி நடுவில் வரும் ஒரு வார விடுமுறையையும் பார்க்கலாம். அப்போது லண்டனில் பகல் ஏறக்குறைய 10 மணி நேரம். இங்கிலாந்தின் பள்ளி விடுமுறையும் ஸ்காட்லாந்தின் விடுமுறையும் எப்போதும் ஒரே வாரத்தில் வருவதில்லை. போகும் ஊரில் பள்ளி நடக்கும் வாரமாகப் பார்த்துக்கொண்டால் அறை வாடகையும் குறையும், கூட்டமும் குறையும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருவது. யார்க், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களின் புகழ்பெற்ற சந்தைகள் பண்டிகைக்கு முன்பே கலைந்துவிடும். ஜனவரி தொடக்கம் வரை இருப்பவை எடின்பரோ சந்தை, லண்டன் ஹைட் பார்க்கின் விண்டர் வொண்டர்லாண்ட் போன்ற சிலவே.

## 2. ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் எழுதுங்கள்

பிரிட்டனில் பயணச் செலவு 16 என்ற எல்லையில் சட்டென்று உயர்கிறது. உங்கள் மகளுக்குப் பயணத்தின் நடுவே 16 நிறைகிறது என்றால் அந்த நாளையும் தாளில் குறியுங்கள்.

ரயிலில் 5 முதல் 15 வயது வரை அரைக் கட்டணம். 16 ஆனால் பெரியவர் கட்டணம். லண்டன் சுரங்க ரயிலில் 11 வயதுக்குட்பட்டவர்கள் கட்டணம் செலுத்தும் பெரியவரோடு இலவசமாகப் போகலாம், ஒரு பெரியவருக்கு நான்கு பேர் வரை. 11 முதல் 15 வரை உள்ளவர்களுக்கு ‘யங் விசிட்டர்’ தள்ளுபடி உண்டு: 14 நாள் வரை பெரியவர் கட்டணத்தில் பாதி. இது தானாகக் கிடைக்காது. பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் போய், ஆய்ஸ்டர் என்னும் லண்டன் பயண அட்டையில் ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். வங்கி அட்டையைத் தட்டிப் போனால் 12 வயதுப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம் கழியும். பெரியவர்களுக்கு வங்கி அட்டை, 11 முதல் 15 வரை ஆய்ஸ்டர் அட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது.

சங்கிலி விடுதிகளின் ‘குடும்ப அறை’யும் இரண்டு பெரியவர், 15 வயது வரையிலான இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில்தான் வரும். மூத்தவருக்கு 16 என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டிவரும். செலவை மதிப்பிடும்போது விடுபட்டுப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அறைதான்.

## 3. நுழைவு அனுமதி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா தேவை. பயண நாளுக்கு 3 மாதத்துக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 3 வாரம். டிசம்பர் 20 பயணம் என்றால் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்குங்கள். நவம்பரில் தொடங்கினால் ஏதாவது ஒரு ஆவணம் கேட்கப்பட்டாலும் பயணம் தள்ளாடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பெரியவரோடு பயணிக்கும் பிள்ளையின் விசா, அந்தப் பெரியவர்களின் கடவுச்சீட்டு விவரத்தோடு இணைக்கப்படும். அதிகபட்சம் இரண்டு பேரைக் குறிப்பிடலாம். அப்பா வேலைக்காக முன்னதாகத் திரும்பி, சித்தப்பா பிள்ளைகளை அழைத்து வருவார் என்றால் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பிள்ளையின் விசா வந்தபின் புதுப்பித்தால் எண்கள் பொருந்தாது.

ஒரு பெற்றோர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள்.

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம், இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி போதும். பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அனுமதி கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதீர்கள். விடுதியை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்து வைத்தால் போதும்.

## 4. ஊர்கள்: ஒரே ரயில் பாதையில் மூன்று

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு லண்டன் 5 இரவு, யார்க் 2 இரவு, எடின்பரோ 4 இரவு என்பது நல்ல பிரிவு. மூன்றும் லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கே போகும் ஒரே பாதையில் இருக்கின்றன. லண்டனிலிருந்து யார்க் ஏறக்குறைய 2 மணி நேரம், யார்க்கிலிருந்து எடின்பரோ இரண்டரை மணி நேரம். மூன்று ஊரிலும் நிலையத்திலிருந்து நகர மையம் பக்கம். மழையில் பெட்டியை இழுத்துக்கொண்டு மூன்று வண்டி மாறும் வேலை இல்லை.

விமானத்தில் லண்டனில் இறங்கி எடின்பரோவிலிருந்து திரும்புவது நல்லது. எடின்பரோவிலிருந்து தோஹா, துபாய் வழியாகச் சென்னைக்கு வரலாம். திரும்பவும் லண்டனுக்கே வந்து ஏறுகிறவர்கள் நாலரை மணி நேர ரயிலில் ஒரு நாளின் வெளிச்சத்தை முழுதாக இழக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து என்றதும் லாக் நெஸ் ஏரிக்கு எடின்பரோவிலிருந்து ஒரே நாள் பேருந்துச் சுற்றுலா எடுப்பவர்கள் பலர். அது ஏறக்குறைய 12 மணி நேரப் பயணம். டிசம்பரில் எடின்பரோவிலேயே பகல் 7 மணி நேரம்தான், அந்த ஏரியை ஒட்டிய இன்வர்னஸ் பக்கம் இன்னும் குறைவு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் பேருந்தில், பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் தங்கள் முகம் தெரியும் கண்ணாடியைத்தான். அதற்குப் பதில் 50 நிமிட ரயிலில் ஸ்டர்லிங் போய்க் கோட்டையைப் பாருங்கள். மலைநாட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அங்கே இரண்டு இரவு தங்கும்படி திட்டத்தை மாற்றுங்கள்.

பனிக்காக மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். லண்டனில் ஜனவரியில் பகல் வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இருக்கும். பெய்வது பெரும்பாலும் மழை. கெய்ர்ன்கார்ம், கிளென்ஷீ போன்ற ஸ்காட்லாந்துப் பனிச்சறுக்கு மலைகளிலும் டிசம்பர் பனியை நம்ப முடியாது. பிள்ளைகள் பனியில் சறுக்க ஆசைப்பட்டால் மான்செஸ்டரின் சில் ஃபேக்டர், லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டின் ஸ்நோ சென்டர் போன்ற உள்ளரங்குகளில் முதல் பாடம் பதிவு செய்யலாம். அங்கே உண்மையான பனி. கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். பயணக் காப்பீட்டில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

## 5. தங்குமிடம்

24 முதல் 26 வரை தங்கும் இடம் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட வேண்டும். அன்று நீங்கள் நடந்து போகும் தூரம்தான் உங்கள் ஊர். சவுத் பேங்க், வெஸ்ட்மின்ஸ்டர், புளூம்ஸ்பரி போன்ற மையப் பகுதியில், சமையலறை உள்ள அடுக்ககமாக எடுங்கள். மலிவு என்று புறநகரில் எடுத்தால் 25ஆம் தேதி முழுக்க அறைக்குள்தான். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கம் தங்கினால் தமிழ்ச் சாப்பாடு அருகில் கிடைக்கும் என்பது உண்மை. பண்டிகை நாளில் எந்தக் கடை திறக்கும் என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் படுக்கை அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். ‘4 பேர் தங்கலாம்’ என்றால் பல இடங்களில் ஒரு இரட்டைக் கட்டிலும் ஒரு சோஃபா கட்டிலும்தான். 15 வயதுப் பையனும் 13 வயதுப் பெண்ணும் ஒரே சோஃபா கட்டிலில் படுக்க மாட்டார்கள். யூத் ஹாஸ்டல்களில் இரண்டடுக்குக் கட்டில்களோடு நான்கு பேருக்கான தனி அறையும் பொதுச் சமையலறையும் கிடைக்கும். இந்த வயதுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

எடின்பரோவில் டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை ஹாக்மனே என்னும் புத்தாண்டுக் கொண்டாட்டம். அறை வாடகை பலமடங்கு ஏறும், குறைந்தது இத்தனை இரவு என்று நிபந்தனையும் போடுவார்கள். தெருக் கொண்டாட்டத்தையே நம்பிப் போகாதீர்கள்: 2024 டிசம்பர் 31 அன்று பலத்த காற்றால் வெளியரங்க நிகழ்ச்சிகள் ரத்தாயின. வாணவேடிக்கை முக்கியம் இல்லை என்றால் எடின்பரோவை முன்னால் வைத்து, புத்தாண்டை யார்க்கிலோ லண்டனிலோ கழிக்கும்படி வரிசையைத் திருப்பலாம்.

கிராமப்புற வீடு எடுத்தால் சாவி தரும் நேரம் பெரும்பாலும் மாலை 4 மணி. அப்போது கும்மிருட்டு. விளக்கில்லாத சாலையில் வீட்டைத் தேடி அலைய நேரும். கடைசி ஒரு மைலுக்கு எழுத்தில் வழி கேட்டு வாங்குங்கள். வெப்பமூட்டியை மதியமே போட்டுவைக்கச் சொல்லுங்கள். கல் வீடு சூடேற மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

## 6. ரயில்: அட்டை, சீட்டு, இருக்கை

முதலில் ‘ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ ரயில் அட்டை. 2025இல் இதன் விலை 35 பவுண்டு. நான்கு பெரியவர், 5 முதல் 15 வயதுள்ள நான்கு பிள்ளைகள் வரை ஒரே அட்டையில் போகலாம். பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளின் கட்டணத்தில் 60% தள்ளுபடி. குழுவில் 5 முதல் 15 வயதுள்ள பிள்ளை ஒருவராவது இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். இளையவருக்கு 13, மூத்தவருக்கு 16 என்றால், மூத்தவரை அதே அட்டையில் ‘பெரியவராக’ச் சேர்க்கலாம். அவருக்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும். ‘16–17 சேவர்’ என்ற தனி அட்டை பாதிக் கட்டணம் தரும், ஆனால் அதற்கும் 35 பவுண்டு. பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் உள்ள வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு. ஆக, மூத்தவரின் மொத்த ரயில் கட்டணம் தள்ளுபடிக்கு முன் 210 பவுண்டைத் தாண்டினால்தான் தனி அட்டை லாபம். இந்த மூன்று ஊர்ப் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரே அட்டை போதும். பிள்ளைகள் எல்லோரும் 16, 17 என்றால் குடும்ப அட்டை செல்லாது, சேவர்தான்.

அடுத்து சீட்டு. ‘அட்வான்ஸ்’ சீட்டு மலிவு, ஆனால் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். வழக்கமாக 8 முதல் 12 வாரத்துக்கு முன் விற்பனைக்கு வரும். கிறிஸ்துமஸ் வாரச் சீட்டுகள் பராமரிப்புப் பணிகளின் அட்டவணை முடிவான பிறகே வருவதால் தாமதமாகும். தேடும்போது ஒன்றும் காட்டவில்லை என்றால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று பதறி விலை உயர்ந்த சீட்டை வாங்கிவிடாதீர்கள். ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் விற்பனை தொடங்கியதும் தகவல் தரும் வசதி இருந்தால் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள்.

பாதை மூடிப் பெரிய பராமரிப்பு வேலைகள் செய்வது கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில்தான். 27ஆம் தேதி ஓடும் முதல் வண்டிகளில் நெரிசல் கடுமையாக இருக்கும். முடிந்தால் 28க்குத் தள்ளுங்கள். வாங்கும் திரையில் ‘பேருந்து’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தூரத்துக்கு ரயில் இல்லை, மாற்றுப் பேருந்து என்று பொருள்.

இருக்கையை மேசையுள்ள நான்காகப் பதிவு செய்யுங்கள். நேரத்தையும் வெளிச்சத்தை வைத்தே தேர்ந்தெடுங்கள். லண்டனிலிருந்து யார்க் வரை மாலை 4 மணிக்குமேல் போகலாம். வழியில் பெரிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு பகல் மிச்சம். யார்க்கிலிருந்து எடின்பரோவுக்குக் காலை 10 மணி வாக்கில் கிளம்புங்கள். பெரிக் ஊரை ஒட்டி ரயில் கடலோரமாக ஓடும். வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம்.

## 7. முன்கூட்டியே வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

லண்டனுக்கு வடக்கே லீவ்ஸ்டனில் உள்ள, ஹாரி பாட்டர் படங்கள் எடுக்கப்பட்ட வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் சுற்றுக்கு வாசலில் சீட்டு விற்பதில்லை. பள்ளி விடுமுறை நாள்களின் சீட்டு மாதங்களுக்கு முன்பே தீரும். பிள்ளைகள் கேட்பது இதுதான் என்றால் நுழைவு அனுமதி வந்ததும் முதல் வேலையாக இதைப் பதிவு செய்து, மற்ற நாள்களை இதைச் சுற்றி அமையுங்கள். லண்டனின் யூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்ஃபோர்ட் ஜங்ஷன் ரயிலில் 20 நிமிடம். அங்கிருந்து ஸ்டுடியோ பேருந்து.

கால்பந்து: பிரீமியர் லீக் ஆட்டச் சீட்டு கழக உறுப்பினர்களுக்குத்தான் முதலில் போகும். தொலைக்காட்சிக்காகத் தேதியும் மாறும். கீழ்ப் பிரிவு அணிகளின் ஆட்டச் சீட்டு எளிதில் கிடைக்கும், கூச்சல் குறையாது. மைதானச் சுற்று போதும் என்றால் ஆட்டம் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எடின்பரோ கோட்டைக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்தில் வாங்குங்கள். லண்டனின் பெரிய அருங்காட்சியகங்களும் யார்க்கின் தேசிய ரயில்வே மியூசியமும் இலவசம். ஆனாலும் நேரம் குறித்த இலவசச் சீட்டைப் பதிந்து வைத்தால் மழையில் வரிசையில் நிற்க வேண்டாம். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் யூத இனப்படுகொலையைச் சொல்லும் ஹோலோகாஸ்ட் காட்சிக்கூடம் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு மேற்பட்டவர்கள் பார்க்க வேண்டிய இடம். பார்த்த பிறகு வேறு எதையும் அந்த நாளில் திணிக்காதீர்கள்.

நாடகச் சீட்டை மட்டும் கடைசி நேரத்துக்கு விடலாம். லெஸ்டர் ஸ்கொயரில் அரசமரத்தடிக் கூட்டம்போல ஆட்கள் சூழ்ந்திருக்கும் டி.கே.டி.எஸ். கூடத்தில் அன்றைய மிச்சச் சீட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

## 8. ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

வெளியில் பார்ப்பதை முதலில் வையுங்கள், கூரைக்குக் கீழே இருப்பதைப் பிறகு. இதை மாற்றி, காலையில் அருங்காட்சியகத்துக்குப் போய் மூன்று மணிக்கு வெளியே வந்தால் பூங்காவுக்கும் பாலத்துக்கும் வெளிச்சம் மிஞ்சாது.

இந்தியாவிலிருந்து வருவோருக்கு நேர வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி. முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் அதிகாலை 3, 4 மணிக்கே விழித்துக்கொள்வார்கள். திட்டினால் தூக்கம் வராது. அந்த நாள்களில் விடியும்போதே வெளியே இருங்கள். 8 மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கூட்டமே இருக்காது. நான்காம் நாளுக்குப் பிறகு இதே பிள்ளைகள் 10 மணி வரை தூங்குவார்கள். அப்போது பகலில் நான்கில் ஒரு பங்கு போர்வைக்குள் போய்விடும். வெளியில் செய்ய வேண்டியவற்றை முதல் நாள்களிலேயே வைக்கச் சொல்வது இதனால்தான்.

இருட்டிய பிறகும் திறந்திருப்பவற்றைக் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 10 வரை திறந்திருக்கும். எடின்பரோவில் நிலத்தடித் தெருவான மேரி கிங்ஸ் குளோஸ் வழிகாட்டியோடு பார்ப்பது, வெளிச்சமும் வேண்டாம், மழையும் தொடாது.

எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்று 251 மீட்டர்தான். ஆனால் உச்சியில் பாறை வழுக்கும், காற்று தள்ளும். 11 மணிக்கு ஏறத் தொடங்கி 2.30க்குள் கீழே இருங்கள். தரையில் உறைபனி இருந்தால் கால்டன் ஹில் என்னும் சிறு குன்று போதும். யார்க் நகரச் சுவரின் நடைபாதையைப் பனி உறைந்தால் பூட்டிவிடுவார்கள். அதற்கு மாற்றாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

## 9. உடை

குளிரைவிட ஈரமும் காற்றும்தான் எதிரி. உள்ளே உடலை ஒட்டிய தெர்மல் உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ் சட்டை, மேலே தண்ணீர் புகாத, தலைமறைப்புள்ள மேலங்கி என்று மூன்று அடுக்கு. ரயிலிலும் கடையிலும் வெப்பமூட்டி 20 டிகிரிக்கு மேல் வைத்திருப்பார்கள். ஒரே தடித்த கோட்டுக்குள் வியர்த்து, வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும். அடுக்காக இருந்தால் ஒன்றைக் கழற்றலாம்.

ஜீன்ஸ் நனைந்தால் அறையில் ஒரே இரவில் காயாது. ஒருவருக்கு ஒன்று மட்டும் போதும். தெர்மல் 2, கம்பளிக் காலுறை 4 ஜோடி, கையுறை 2 ஜோடி என்று கணக்கிடுங்கள். கையுறை தொலைவது உறுதி. குடையைக் காற்று திருப்பிவிடும், தொப்பியை நம்புங்கள்.

காலணியை ஊரிலேயே வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பழக்குங்கள். தண்ணீர் புகாததாக, தடித்த காலுறைக்கு இடம் விட்டு அரை அளவு பெரியதாக இருக்கட்டும். வளரும் வயதில் ஆகஸ்டில் வாங்கிய காலணி டிசம்பரில் கடிக்கும். மேலங்கி பெட்டிக்குள் போகக் கூடாது, கையிலேயே இருக்கட்டும். பெட்டி தாமதமானால் முதல் நாளே பாழாகும். விட்டுப்போனவற்றை பிரைமார்க், டெகத்லான் கடைகளில் கட்டுப்படியான விலையில் வாங்கலாம்.

## 10. கிறிஸ்துமஸ் நாள் சாப்பாடு

உணவகங்களில் 25ஆம் தேதி விருந்துக்கு வாரங்களுக்கு முன்பே முன்பதிவு முடியும், விலையும் மிக அதிகம். 23ஆம் தேதி மாலையே பொருள் வாங்குங்கள். 24 மாலையில் காய்கறித் தட்டுகள் காலியாகிவிடும். சில பெரிய அங்காடிகள் 26 அன்றும் திறப்பதில்லை.

நான்கு பேருக்கு 25, 26 இரண்டு நாளுக்கு: அரிசி 1 கிலோ, 800 கிராம் ரொட்டி 2, முட்டை 12, 4 பைண்ட் பால் 1 (ஏறக்குறைய 2.3 லிட்டர்), தயிர் 1 கிலோ, உறைந்த காய்கறி 1 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, பழம். சாம்பார்ப் பொடி, ரசப் பொடியை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

தாளிப்பதற்கு முன் புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறவுங்கள். மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கை மணி அலறும். சில கட்டடங்களில் அது மொத்தக் கட்டடத்துக்கும் கேட்கும். அடுப்பு பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்கும். சூடு தணிய நேரமாகும் என்பதால் கடுகு வெடித்ததும் பாத்திரத்தைத் தூக்கிவிடுங்கள்.

## 11. பிள்ளைகளுக்குத் தனி நேரம்

இந்த வயதில் நாள் முழுக்கப் பெற்றோரோடு நடப்பது சலிக்கும். 15, 16 வயதுள்ளவர்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் விடலாம். தெருமுனையில் சந்திப்பதாக முடிவு செய்யாதீர்கள். குளிரில் இருபது நிமிடம் நிற்பது கொடுமை. அருங்காட்சியகத்தின் முன்கூடம், புத்தகக் கடையின் வாசல் உட்புறம் போன்ற சூடான இடமாக இருக்கட்டும்.

குளிரில் கைப்பேசி மின்கலம் சீக்கிரம் தீரும். ஆளுக்கொரு சிறிய பவர் பேங்க் கொடுங்கள். விடுதி முகவரியைத் தாளிலும் எழுதிக் கொடுங்கள். அவசர எண் 999. இந்தியச் செருகி பிரிட்டிஷ் துளையில் பொருந்தாது, மாற்றி தேவை. சிங்கப்பூர், மலேசியச் செருகி அப்படியே பொருந்தும்.

## 12. வானிலையும் திரும்பும் நாளும்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆஃபீஸின் எச்சரிக்கைகளைப் பாருங்கள். மஞ்சள் என்றால் திட்டத்தைத் தொடரலாம், வெளியில் போவதைக் குறையுங்கள். ஆம்பர் (ஆரஞ்சு) என்றால் ஊர் மாறும் பயணத்தை ஒரு நாள் தள்ள வழி தேடுங்கள். சிவப்பு என்றால் அறையில் இருங்கள். ரயில் நிறுவனமே பயணிக்க வேண்டாம் என்று அறிவித்தால் பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு நாளில் போகவோ வழி தருவார்கள். அவசரப்பட்டுப் புதுச் சீட்டு வாங்க வேண்டாம். 15 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் நிறுவனத்தைப் பொறுத்து இழப்பீடு உண்டு. 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் சீட்டின் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

விமானத்துக்கு முந்தைய இரவு, விமானம் கிளம்பும் ஊரிலேயே தூங்குங்கள். அன்று காலை ரயிலை நம்பி வேறு ஊரில் தங்கினால், ஒரு மரம் பாதையில் விழுந்தாலும் விமானம் போய்விடும்.

ஜனவரித் தள்ளுபடியில் வாங்கிய பொருள்களுக்கு விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்பப் பெறலாம் என்று இன்னும் பலர் ரசீதுகளைச் சேர்க்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அந்த வசதி 2020 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. கடையில் எழுதியிருப்பதுதான் இறுதி விலை என்று வைத்தே வாங்குங்கள்.